‘ஹெர்பிஸ் பாசிட்டிவ்’ என்று ஒரு வரி: பூனைக்குட்டியை வெளியே விடத்தான் வேண்டுமா?

மும்பை செம்பூரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள் இருக்கின்றன. கருப்பிக்கு ஆறு வயது, சோமுவுக்கு நான்கு. ஜூலை மழையில் பார்க்கிங்கில் நனைந்து கிடந்த, ஒன்பது வார வயது மதிக்கத்தக்க ஒரு குட்டியையும் எடுத்து வந்து குளியலறையில் வைத்திருக்கிறார். வந்த நான்காம் நாள் மருத்துவர் முதல் தடுப்பூசி போட்டார். அடுத்த மூன்று நாளில் தும்மல், மூக்கொழுகல், இரண்டு கண்ணிலும் பீளை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்து ஐந்து நாள் ஆன பிறகு, அதாவது ஊசி போட்ட ஒன்பதாம் நாள், கண்ணில் ஸ்வாப் எடுத்து (பஞ்சு நுனிக் குச்சியால் துடைத்தெடுத்து), கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் ஹெர்பிஸ் பாசிட்டிவ், சிடி மதிப்பு 35.6. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா பாசிட்டிவ், 24. கேலிசி வைரஸ், கிளமிடியா பாக்டீரியா இரண்டும் நெகட்டிவ்.

ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து காலை, மாலை இரு வேளையும் வீடு முழுக்கக் கிருமிநாசினி ஊற்றித் துடைக்கிறார். ஒரு வாரம் கழித்து கருப்பி எச்சில் வடிக்க ஆரம்பித்தது. நாக்கு நுனியில் புண், உள்ளங்கால் சிவப்பு, முன்காலைத் தாங்கித் தாங்கி நடை. அதற்கும் கண்ணில் ஸ்வாப் எடுத்து, ஜெல் உள்ள குழாயில் போட்டு, சனிக்கிழமை இரவு கூரியர் செய்தார்கள். ஆய்வகத்துக்குச் சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. எல்லாமே நெகட்டிவ். இரண்டு ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து நல்ல தொகை செலவாகிவிட்டது.

மகளுக்கு ஐந்தாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள். “ஹெர்பிஸ் உள்ள பூனையை வைத்துக்கொண்டு மகளை எப்படிக் கூப்பிடுவது? குட்டியைப் பழைய இடத்திலேயே விட்டுவிடு என்கிறார் கணவர். குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி நெகட்டிவ் சர்ட்டிஃபிகேட் கேட்கிறார். சோமுவுக்கும் கருப்பிக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கலாமா? மருந்துக்கடைக்காரர் அசைக்ளோவிர் மாத்திரை தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா?” இவை அவர் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மகளைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். பூனை ஹெர்பிஸ் வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. மனிதருக்கு உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்பிஸும் இதுவும் ஒரே குடும்பப் பெயரைப் பகிர்கின்றன, அவ்வளவுதான். பூனை கேலிசி வைரஸும் மனிதருக்கு வராது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை விஷயமாகக் கவனிக்க வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற வேறொரு ஒட்டுண்ணி. அது மலத்தின் வழியாக வருவது. வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். எனவே மணல் தட்டை தினமும் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும், அந்த வேலையை மகள் செய்யாமல் இருந்தால் போதும். கிளமிடியா மட்டும் மிக அரிதாக மனிதரின் கண்ணுக்கு வரலாம். குட்டியின் கண்ணைத் துடைத்த கையை சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். நீங்கள் அதை ஒரு தீர்ப்பாகப் படித்திருக்கிறீர்கள். எந்தப் பரிசோதனைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வோம், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பணம் வீண். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டில் முதலாவது பாதி பயன்பட்டது. இரண்டாவது பயன்படவே இல்லை.

35.6 என்ற எண் என்ன சொல்கிறது

பிசிஆர் இயந்திரம் வைரஸின் மரபணுத் துண்டைச் சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாக்கும். எத்தனையாவது சுழற்சியில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகியது என்பதே சிடி மதிப்பு. மதிப்பு குறைந்தால் வைரஸ் அதிகம், கூடினால் வைரஸ் குறைவு. ஒரே ஆய்வகத்தில் 25-க்கும் 35-க்கும் இடையே பத்து சுழற்சி. அதாவது சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம். உச்சத்தில் இருக்கும் புது ஹெர்பிஸ் தொற்றில், கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருக்கும் குட்டியிடம், 35.6 என்பது மிகச் சொற்பம்.

சொற்பமாக வர மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தடுப்பூசி. நம் ஊரில் ட்ரைகேட் என்று எல்லோரும் சொல்கிற வகை ஊசியில் ஹெர்பிஸ், கேலிசி இரண்டும் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸாகவே இருக்கின்றன. போட்ட சில நாட்களில், சில சமயம் வாரங்களில், அந்த வைரஸின் மரபணுவே ஸ்வாபில் அகப்படலாம். வழக்கமான பிசிஆருக்கு ஊசி வைரஸையும் தெரு வைரஸையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஊசி போடும்போது ஒரு சொட்டு ரோமத்தில் சிந்தி, குட்டி அதை நக்கிவிட்டால் தும்மலே கூட வரலாம். சிந்தினால் உடனே ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கச் சொல்வது அதற்காகத்தான். இரண்டு, தாயிடமிருந்து வந்த உண்மையான தொற்று. ஹெர்பிஸ் உடம்பில் நுழைந்து அறிகுறி காட்ட இரண்டு முதல் ஆறு நாள் ஆகும்; குட்டி உங்கள் வீட்டுக்கு வரும்போதே அதைச் சுமந்து வந்திருக்கலாம். மூன்று, ஸ்வாபில் பீளைதான் வந்தது, செல்கள் வரவில்லை.

இதில் எது என்று தெரிந்துகொள்ள இன்னொரு பரிசோதனை வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். எதுவாக இருந்தாலும் குட்டிக்குச் செய்வது ஒன்றுதான்.

உங்களைப் பயமுறுத்தியது ஹெர்பிஸ் வரி. ஆனால் மருந்து சம்பந்தப்பட்ட வரிகள் மைக்கோபிளாஸ்மாவும் கிளமிடியாவும். மைக்கோபிளாஸ்மா ஆரோக்கியமான பூனைகளின் தொண்டையிலும் இருக்கும். ஆனாலும் கண்ணில் இந்த அளவில் இருந்து, கண்ணும் சிவந்திருந்தால் அதற்கு மருந்து கொடுப்பது நியாயம். டாக்ஸிசைக்ளின் அதற்குக் கேட்கும். கிளமிடியா ‘நெகட்டிவ்’ என்பதை நான் நம்ப மாட்டேன். ஐந்து நாள் டாக்ஸிசைக்ளின் உள்ளே போன பிறகு எடுத்த ஸ்வாப் அது. மருந்துக்கு முன் எடுத்திருந்தால் அந்த வரிக்கு மதிப்பு உண்டு. கிளமிடியா பெரும்பாலும் ஒரு கண்ணில் ஆரம்பித்து மறு கண்ணுக்குப் போகும். இமையின் உள்சதை வீங்கிப் பிதுங்கும், தும்மல் குறைவாக இருக்கும். குட்டிக்கு எந்தக் கண் முதலில் சிவந்தது, சதை வீங்கியதா என்று நினைவுபடுத்தி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளமிடியா என்று அவர் சந்தேகித்தால் ஒரு வாரத்தில் மருந்தை நிறுத்தக் கூடாது. நான்கு வாரம் தொடர வேண்டும். கண் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்துவதுதான் மறுபடி வரக் காரணம்.

டாக்ஸிசைக்ளினை மாத்திரையாகக் கொடுத்தால் உடனே ஊசியில்லா சிரிஞ்சால் ஐந்து மில்லி தண்ணீரைக் கடைவாயில் மெல்ல விடுங்கள், அல்லது இரண்டு வாய் உணவு கொடுங்கள். உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்று, அந்த இடம் புண்ணாகிச் சுருங்கிப் போன பூனைகள் உண்டு. பாலோடு வேண்டாம், பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கருப்பியின் நெகட்டிவை ஏன் ஒதுக்கி வைக்கிறேன்

கருப்பியின் அறிகுறிகள் கேலிசியை நினைவூட்டுகின்றன: நாக்குப் புண், எச்சில், நொண்டல். ஆனால் கேலிசியைத் தேட வேண்டிய இடம் தொண்டையும் புண்ணின் விளிம்பும். உங்களுக்கு எடுத்தது கண்ணில். கேலிசி ஆர்என்ஏ வைரஸ். ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். மூன்று இரவு, அதுவும் மும்பையின் ஜூலைப் புழுக்கத்தில், ஐஸ் பேக் கரைந்த பெட்டியில் கிடந்த மாதிரியில் அது இல்லை என்பதற்குப் பொருள் ஒன்றுமில்லை. ஜெல் குழாய் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பதற்கானது. பிசிஆருக்கு அந்த ஜெல்லே இடைஞ்சல். போதாததற்குக் கேலிசி ரகத்துக்கு ரகம் மாறும் வைரஸ், நல்ல பரிசோதனையும் சில ரகங்களைத் தவறவிடும்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் கடைசியில் சின்ன எழுத்தில் ‘இன்டர்னல் கன்ட்ரோல்’ என்று ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? குட்டியின் ரிப்போர்ட்டில் அதற்கு எதிரே ஒரு எண் போட்டிருக்கிறார்கள். கருப்பியின் ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. மாதிரியில் பூனையின் செல் வந்து சேர்ந்ததா, பரிசோதனை உண்மையில் ஓடியதா என்று காட்டும் வரி அது. அது சரியாக இல்லாமல் மற்றவை நெகட்டிவ் என்றால் ‘வைரஸ் இல்லை’ என்று படிக்காதீர்கள். ‘பார்க்க முடியவில்லை’ என்று படியுங்கள். ஆய்வகத்துக்குப் போன் செய்து அந்தக் கட்டம் ஏன் காலி என்று கேளுங்கள். தவறு அவர்கள் பக்கம் என்றால் மறுபரிசோதனைக்குக் கட்டணம் கேட்பது நியாயமில்லை.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் துடைக்கும் கிருமிநாசினிப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்று இருக்கிறதா? அல்லது கருப்பு ஃபினாயிலா? இந்தச் சந்தேகம்தான் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது. பென்சால்கோனியம் கலந்த தரை ஈரத்தில் நடந்து, பாதத்தை நக்கும் பூனைக்கு நாக்கில் புண், எச்சில் ஒழுகல், காய்ச்சல் எல்லாம் வரும். பார்த்தால் அச்சு அசல் கேலிசி மாதிரியே இருக்கும். கருப்பு ஃபினாயிலில் உள்ள ஃபினால் வகைச் சேர்மங்களைப் பூனையின் கல்லீரலால் சரியாகக் கழிக்க முடியாது. உள்ளங்கால் சிவப்பும் தாங்கி நடப்பதும் இந்தக் காரணத்தோடும் பொருந்துகின்றன. மூடியில் அளக்காமல் ஊற்றினேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைக் கிருமிநாசினிகள் பலவற்றை நம்பிக் கேலிசியை ஒழிக்கவும் முடியாது என்பது இதில் பெரிய வேடிக்கை.

இன்றே நிறுத்துங்கள். கருப்பியின் நான்கு பாதங்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில், குழந்தைக்குப் போடுகிற மாதிரி மென்மையான ஷாம்பு ஒரு துளி விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள். தரையை வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள்.

இரண்டில் எதுவானாலும் கருப்பிக்கு இப்போதைய ஆபத்து பட்டினி. வாய்ப்புண் வலியில் பூனை சாப்பிடாது. வளர்ந்த பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலே, அதுவும் கொஞ்சம் பருத்த பூனையானால், கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும். வலி மருந்து மருத்துவர் கையால்தான். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும், பூனை செத்துப்போகும். முகமோ பாதமோ வீங்கினாலும், காய்ச்சலோடு சுருண்டு படுத்தாலும் அன்றைக்கே பரேலில் உள்ள பெரிய விலங்கு மருத்துவமனைக்கோ அருகில் 24 மணி நேரமும் இயங்கும் கிளினிக்குக்கோ தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். உடம்பு முழுக்கப் பரவும் கொடிய கேலிசி என்று ஒன்று உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பாதிக்கு மேல் இறந்துபோன வரலாறு உண்டு. அதையும் சாதாரண கேலிசியையும் பிசிஆர் பிரித்துச் சொல்லாது. கண்ணால் பார்க்கும் மருத்துவர்தான் சொல்வார்.

மறுபடி மாதிரி எடுப்பதானால்

கிருமிநாசினியை நிறுத்தி நான்கைந்து நாளில் புண் ஆறத் தொடங்கினால் மறுபரிசோதனை தேவையே இல்லை. புதிதாகப் புண் வந்தாலோ, சோமுவும் எச்சில் வடித்தாலோ எடுக்கலாம். அப்போது இதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். பணிவாகச் சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஸ்வாபின் நுனி பாலியஸ்டர் அல்லது நைலானாக, குச்சி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். மரக்குச்சிப் பஞ்சு வேண்டாம், கால்சியம் ஆல்ஜினேட் நுனியும் வேண்டாம். இரண்டும் பிசிஆரைக் கெடுக்கும். கண்ணில் புண் இருக்கிறதா என்று பார்க்க விடும் பச்சைச் சாயத்தை ஸ்வாப் எடுத்த பிறகே விட வேண்டும். முதலில் பீளையைச் சலைனில் நனைத்த பஞ்சால் துடைத்து எறிந்துவிட்டு, கீழ் இமையை இழுத்து, உள்மடிப்பில் ஸ்வாபைக் கொஞ்சம் அழுத்தியே ஐந்தாறு முறை உருட்ட வேண்டும். வைரஸ் இருப்பது செல்லுக்குள். பீளையில் இருப்பது பெரும்பாலும் கழிவு. இன்னொரு ஸ்வாபால் நாக்கின் அடிவாரம், டான்சில் பக்கம், புண்ணின் ஓரம் ஆகியவற்றைத் தேய்க்க வேண்டும். சாப்பிட்ட உடனே எடுத்தால் தொண்டையில் உணவுதான் வரும், ஒரு மணி நேரம் விட்டு எடுங்கள்.

ஜெல் இல்லாத காலிக் குழாயில் இரண்டு மூன்று சொட்டுச் சலைன், அல்லது வைரஸ் மாதிரிக்கென்றே உள்ள திரவம். குழாயை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்குக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு துணி. திங்கள் முதல் புதன் வரை அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வராது. 24 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நல்லது, 48-ஐத் தாண்டவிடாதீர்கள். படிவத்தில் ஊசியின் பெயரும் போட்ட தேதியும், அறிகுறி தொடங்கிய நாள், கொடுத்த மருந்துகள் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினால், ரிப்போர்ட்டைப் பார்த்துப் பொருள் சொல்ல வேண்டியவருக்கும் கை கட்டிப் போட்ட மாதிரிதான்.

ஆன்டிபாடியும் சோமுவும்

ரத்தத்தில் ஹெர்பிஸ், கேலிசி ஆன்டிபாடி பார்ப்பதில் பயனில்லை. ஊசி போட்ட எந்தப் பூனைக்கும் அது இருக்கும், எப்போதோ தொற்று வந்துபோன பூனைக்கும் இருக்கும். இப்போது நோய் இருக்கிறதா, வைரஸ் வெளியேறுகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

சோமு நன்றாக இருக்கிறான். அவனுக்கு ஸ்வாப் எடுத்தாலும் கதை அதேதான். ஹெர்பிஸ் ஒருமுறை வந்த பூனைகளில் சுமார் 80 சதவீதத்தின் முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சில் அது ஆயுசுக்கும் தூங்கிக் கிடக்கும். தூங்கும்போது ஸ்வாபில் வராது. இடமாற்றம், போர்டிங், பிள்ளையார் சதுர்த்தி டோல் சத்தம், வீட்டில் புது ஆள், புதுப் பூனை என்று ஏதாவது ஒரு அதிர்ச்சிக்குப் பிறகு விழித்துக்கொள்ளும். அதுவும் உடனே இல்லை. நான்கு முதல் பதினோரு நாள் கழித்து வெளியேறத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும். எனவே சத்தமெல்லாம் ஓய்ந்து ஒரு வாரம் ஆன பிறகு சோமு நாலு தும்மல் தும்மினால் ஆச்சரியப்படாதீர்கள். கேலிசி வேறு மாதிரி. சுமக்கும் பூனை மாதக்கணக்கில் விடாமல் வெளியேற்றும், பிறகு பெரும்பாலானவை தாமாகவே துடைத்தெறிந்துவிடும். ஆக, ஆரோக்கியமான பூனையில் நெகட்டிவ் வந்தால் உத்தரவாதம் இல்லை, பாசிட்டிவ் வந்தால் சிகிச்சை இல்லை.

அந்தப் பணத்தில் ஒரு துளி ரத்தத்தில் பார்க்கும் லுகேமியா வைரஸ் (எஃப்இஎல்வி), பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்ஐவி பரிசோதனையைக் குட்டிக்குச் செய்யுங்கள். தெருவிலிருந்து வந்த குட்டியை மற்றவற்றோடு விடுவதற்கு முன் அதன் முடிவு உண்மையிலேயே உங்கள் செயலை மாற்றும். நெகட்டிவ் வந்தாலும் லுகேமியாவை ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். எஃப்ஐவி பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். ஆறு மாதத்துக்குக் கீழே அது தாயின் ஆன்டிபாடியாக இருக்கலாம், வயது ஏறிய பின் மறுபடி பார்க்க வேண்டும். ஆய்வகப் பட்டியலில் ‘கொரோனா’ என்று ஒரு வரி இருந்தால் அதைச் சேர்க்காதீர்கள். அது பூனைக் குடலில் பரவலாக இருக்கும் வேறு வைரஸ். சளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பாசிட்டிவ் வந்தால் உங்கள் தூக்கம்தான் போகும்.

மருந்துக்கடை ஆலோசனை

மனித ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் மாத்திரை வேண்டவே வேண்டாம். பூனை ஹெர்பிஸை அது சரியாகத் தாக்காது, எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். வாலாசைக்ளோவிர் இன்னும் மோசம், பூனை இறந்துவிடும். தேவைப்பட்டால் பூனைக்குக் கொடுப்பது ஃபாம்சைக்ளோவிர். கிலோவுக்கு 90 மில்லிகிராம், தினம் இரு வேளை என்று எடை பார்த்து மருத்துவர் கணக்கிடுவார். உங்கள் குட்டிக்கு, கருவிழி தெளிவாக இருந்து சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால், அது தேவைப்படாது. லைசின் என்ற அமினோ அமிலப் பசை வாங்கிவிட்டேன் என்கிறீர்கள். பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை, நிறுத்திவிடலாம். டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு எதுவும் வேண்டாம். ஹெர்பிஸ் புண் உள்ள கருவிழியில் அதை விட்டால் கண்ணே போய்விடக்கூடும். குட்டி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாலோ, கருவிழியில் மங்கல் தெரிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

மற்றபடி, ஆறிய கொதிநீரில் நனைத்த பஞ்சால் ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று துடையுங்கள். நெபுலைசர் இருந்தால் வெறும் சலைன் பத்து நிமிடம். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. வேகவைத்த கோழியையோ மீனையோ கைச்சூட்டுக்கு இதமாகச் சூடாக்கி வையுங்கள், உப்பும் மசாலாவும் இல்லாமல். இந்த வயதுக் குட்டி அரை நாள் சாப்பிடவில்லை என்றாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கோழி என்றதும் ஒன்று. பச்சைக் கோழி கொடுப்பதானால் நிறுத்துங்கள். 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சல் எச்5என்1-இல் இறந்தன; 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிடமும் அது கண்டறியப்பட்டது. கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், வலிப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் தனியார் ஆய்வகத்தின் சளிப் பட்டியல் அதற்கு உதவாது. கால்நடைத் துறை மூலமாகப் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்கு மாதிரி போக வேண்டும். உங்கள் குட்டிக்கு அப்படி எந்த அறிகுறியும் இல்லை.

சளி நான்கு வாரத்தைத் தாண்டினால், அல்லது ஒரே நாசியில் ரத்தம் கலந்து வந்தால், அப்போது வைரஸை விட்டுவிட்டு வேறு தேடவேண்டும். புறாக்கள் நிறைந்த பால்கனியுள்ள மும்பை வீடுகளில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையையும் மனதில் வைப்போம். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு.

குட்டியும் சொசைட்டியும்

எடுத்து வளர்க்கத் தொடங்கிய குட்டியை, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பார்க்கிங்கில் விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். கணவரிடம் மெதுவாகச் சொல்லிவையுங்கள். செக்ரட்டரிக்கு நெகட்டிவ் சர்ட்டிஃபிகேட் தரும் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மனிதருக்கு வராத வைரஸ் அது. மேலே சொன்னபடி நெகட்டிவ் என்ற சொல்லுக்கும் இங்கே உத்தரவாதம் கிடையாது. அவருக்குத் தர வேண்டியது தடுப்பூசி அட்டையின் நகல். வேண்டுமானால் ‘இந்நோய் மனிதருக்குத் தொற்றாது’ என்று உங்கள் மருத்துவர் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதித் தரலாம்.

குட்டி குளியலறையிலேயே, தும்மல் நின்ற பிறகும் இரண்டு வாரம் இருக்கட்டும். முதலில் சோமு, கருப்பிக்குச் சாப்பாடு வையுங்கள், கடைசியில் குட்டிக்கு. அங்கே போகும்போது மட்டும் ஒரு பழைய நைட்டியோ ஏப்ரனோ, வெளியே வந்ததும் கழற்றிவிட்டுக் கை கழுவல். தும்மல் துளி நாலைந்து அடிதான் போகும். அதைவிட உங்கள் கையும் கிண்ணமும்தான் அதிகம் கடத்தும். ஹெர்பிஸ் வெளியே ஒரு நாள் கூடத் தாங்காது. கேலிசி காய்ந்த இடத்தில் ஒரு மாதம் வரை இருக்கும், அதற்குப் ப்ளீச் மட்டும் போதும்: அழுக்கை முதலில் கழுவிவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீட்டுப் ப்ளீச், பத்து நிமிடம் ஊறல், பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காய வைப்பது. அன்றன்றைக்குக் கலக்குங்கள். டாய்லெட் கிளீனர் ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். குளியலறைத் தரை, கிண்ணம், மணல் தட்டு, இந்த மூன்றுக்கு மட்டும். வீடு முழுக்க வேண்டாம்.

முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து அடுத்தது, பிறகு பதினாறு வார வயதில் இன்னொன்று. தடுப்பூசி தொற்றை முழுக்கத் தடுக்காது, நோயின் கடுமையைத்தான் குறைக்கும், இருந்தாலும் தவறவிடாதீர்கள். சோமு, கருப்பியின் பூஸ்டர் தேதியையும் அட்டையில் பார்த்துவிடுங்கள். வளைகாப்புக்கு இன்னும் இரண்டு மாதமாவது இருக்கிறது. லுகேமியா மறுபரிசோதனையும் இரண்டாவது ஊசியும் அதற்குள் முடிந்துவிடும். மகள் வரும் வாரத்தில் குட்டியை மற்ற இரண்டோடு பழக்க ஆரம்பிக்காமல், பத்து நாள் முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.